மைக் மாமாவும் வெயில் பாட்டிலும்

அந்தத் தெருக்களில் மைக் மாமாவைத் தெரியாத ஆளே கிடையாது. கூரைமேல் குழாய் ஸ்பீக்கர் கட்டிய பழைய வேனை ஓட்டிக்கொண்டே அறிவிப்புச் சொல்வதுதான் அவர் தொழில். செருப்புக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன நாய்க்குட்டி, குழாயில் தண்ணீர் வராத நாள், எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். தொண்டை அவருக்குத் தாய்வழிச் சொத்து. அவருடைய அம்மாவின் பெரியண்ணன் பஸ் நிலையத்தில் நின்று ஊர்ப்பெயரைக் கூவினால், போக வேண்டாதவனும் ஏறி உட்கார்ந்துவிடுவானாம்.

அந்தச் சொத்தைக் காக்க மைக் மாமா கண்டுபிடித்த மருந்து வெந்நீர். ஓடுகிற வண்டியில் அடுப்புக்கு எங்கே போவது? எப்போதோ கடையில் வாங்கிக் குடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் காலையில் தண்ணீரை நிரப்பி, முன்கண்ணாடிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுவார். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் சூடேறும். "இது என் வெயில் கெட்டில்" என்று பெருமை வேறு. வருஷக்கணக்காக அதே பாட்டில். கீறல் விழுந்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி வெளுத்திருந்தது. அதை மாற்றினால் குரல் போய்விடும் என்று அவருக்குள் ஒரு பயம். அது அவருடைய மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அவள் தையற்காரி, கத்தரியைவிட வாய் கூர்மை.

ஒருநாள் சுகாதார அலுவலகத்தில் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். "இன்னைக்குச் சுத்துற சுத்து நல்லா இருந்தா மாசம் பூரா வேலை உங்களுக்குத்தான்" என்றார் அலுவலக அம்மா.

மைக் மாமாவிடம் ஒரு பழக்கம். தாளில் இருப்பது கண்வழியே நுழைந்து வாய்வழியே போய்விடும். மனசில் ஒரு சொல் தங்காது.

"பொதுமக்களே! ஒருமுறை குடிச்சிட்டு எறிய வேண்டிய பிளாஸ்டிக் பாட்டில்ல திரும்பத் திரும்பத் தண்ணி பிடிக்காதீங்க!" பாட்டிலைத் தூக்கி ஒரு மடக்கு. "வெயில்ல வைக்காதீங்க! சூடு ஏறினா பிளாஸ்டிக்ல இருக்கிற ரசாயனம் தண்ணியில இறங்கும்!" இன்னொரு மடக்கு. "கீறல் விழுந்த பாட்டில்ல கிருமி குடியேறும்!" மூன்றாவது மடக்கு.

வழியெல்லாம் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குரலுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து இவர் கையாட்டினார்.

சொந்தத் தெருவில் திரும்பியபோது, கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி நடுரோட்டில் நின்றாள்.

"இறங்குங்க கீழே!"

"வேலையில இருக்கேன், வழிய விடு."

"ஊருக்கெல்லாம் வேணாம்னுட்டு நீங்க என்னத்தக் குடிக்கிறீங்க?"

மைக் மாமா கையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"இது… வெந்நீர்."

"வெந்நீரா? பிளாஸ்டிக் கஷாயம்!"

"ஒரு மடக்குல உயிரா போயிடும்?"

"ஒரு மடக்குல ஒண்ணும் ஆகாது. தினம் தினம் உள்ள போனா? உங்க உடம்புக்கு வேற உடம்பு தைச்சுத் தர என்னால முடியாதுங்க!"

"இதைத் தூக்கிப் போட்டா குரல் போயிடும். குரல் போனா எனக்கு வேற என்ன பொழப்பு இருக்கு?" பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

இஸ்திரிக் கடைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவந்தார். "அண்ணே, மைக்கு! மைக்கு! மூணு தெருவுக்குக் கேக்குது!"

அதற்குள் மனைவி பாட்டிலைப் பிடுங்கிக் காலில் போட்டு நசுக்கிவிட்டாள். அது கடைசியாக 'டப்'பென்றது. அந்தச் சத்தமும் மைக்கில் போனது. வீட்டுக்குள் ஓடி, எவர்சில்வர் பிளாஸ்க்கில் வெந்நீரோடு வந்தாள்.

"இதக் குடிச்சிட்டுப் பேசுங்க."

குடித்தார். வாயைத் திறந்தார். "பொ…" என்று எலிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சு வந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தொண்டையைச் செருமினார்.

"பொதுமக்களே!"

கம்பியில் இருந்த காக்கைகள் மொத்தமும் பறந்தன. பஸ் நிலையத்தில் கூவிய அந்தப் பெரிய மாமாவே எழுந்து வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் வாசலுக்கு வாசல் பழைய பாட்டில்கள் குவிந்து கிடந்தன. அலுவலக அம்மாவிடமிருந்து போன் வந்தபோது, வேலை போச்சு என்றே மைக் மாமா நினைத்தார்.

"மைக்குல எல்லாத்தையும் கேட்டோம். நாளைக்கு உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அந்தப் பிளாஸ்டிக் கஷாயத்த மட்டும் மறக்காம சொல்லச் சொல்லுங்க."

மறுநாள் முன்சீட்டில் மனைவி ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, மைக்கைக் கையில் எடுத்தாள்.

"குரல் போயிடும், போயிடும்னு பயந்தீங்களே," என்றாள். "போயிடுச்சு பாத்தீங்களா, எங்கிட்ட! ஓட்டுங்க வண்டிய."