பேட்டரிக்குத் தனிப் பொட்டு

என் வீட்டுக்காரர் தச்சு வேலை செய்கிறவர். உத்திரமேரூர் பக்கத்தில் பாதி வீட்டுக் கதவு அவர் போட்டதுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். சவுதியிலிருந்து லீவில் வந்த என் தம்பி, வயர் இல்லாத டிரில்லிங் மெஷின் ஒன்றை அவருக்குக் கொடுத்தான். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கரண்ட் போன நேரமாகப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓட்டை போடுவார். ஓட்டை தேவைப்படாத சுவரிலும் போடுவார்.

அந்த வருஷம் ஆயுதபூஜைக்கு இழைப்புளி, ரம்பம், உளி எல்லாவற்றையும் துடைத்து மணையில் வரிசையாக வைத்தோம். நடுவில் மாப்பிள்ளை மாதிரி அந்த மெஷின்.

"பேட்டரிய கழட்டிடுங்க" என்றேன். பழைய வயர் மெஷினில் துளை போடுகிற பிட்டை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைப்பார். அதைப் பார்த்த பழக்கத்தில் சொன்னேன்.

"பேட்டரிதான் அதுக்கு உசுரு. உசுர எடுத்துட்டு பொணத்துக்கா பொட்டு வெப்பாங்க?" என்றார். "வயரே இல்ல. இன்னா பண்ணிடும் அது?"

இப்படி ஒரு சாஸ்திரத்தை அவர் ஒருவரால்தான் கண்டுபிடிக்க முடியும். நல்ல நாளும் அதுவுமாக வாய் கொடுக்க வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. ஐப்பசியில் வாலாஜாபாத்தில் தம்பிக்குக் கல்யாணம். மணமேடையில் நிற்கப்போகிற அக்கா நான். ஜடையில் வைத்துத் தைக்கப் பூவுக்குக்கூடச் சொல்லிவைத்திருந்தேன். கர்வம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். தலைக்குக் குளித்திருந்த முடியை நுனியில் மட்டும் முடிந்துகொண்டு குனிந்து, மெஷினில் பிட் மாட்டுகிற மூக்குக்குச் சந்தனம் தடவினேன். மெஷின் கோணலாக இருக்கிறதாம். நேராக வைக்கிறேன் என்று கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். விரல் பழக்கதோஷத்தில் சுவிட்சின் மேல் போய் உட்கார்ந்தது.

விர்ரென்று ஒரு சத்தம். முன்னால் சரிந்திருந்த முடியை மெஷின் காதுவரை சுருட்டிக்கொண்டது. அவர் பதறி விரலை எடுத்ததால் நின்றது. சந்தனமும் குங்குமமுமாக மெஷின் என் கன்னத்தை ஒட்டி இருந்தது.

"பயப்படாத. ரிவர்ஸ்ல போட்டா வந்துரும்" என்று மறுபடி விரலைக் கொண்டுபோனார்.

"சுவிட்சுல கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன். மொதல்ல அந்த உசுர கழட்டுங்க" என்றேன்.

பேட்டரியைக் கழற்றினார். எனக்கோ, கல்யாணத்தில் முக்காடு போட்டுக்கொண்டா நிற்பது என்று அழுகை. மெஷின் மூக்கைக் கையாலேயே பின்பக்கமாகத் திருகி, தேங்காய் எண்ணெய் விட்டு, இழை இழையாக எடுத்தார். சும்மா சொல்லக்கூடாது, எந்தக் கதவுக்கும் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. காதோரம் ஒரு கொத்து மட்டும் போனது. கல்யாணத்தில் அதைப் பூ வைத்து மறைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆயுதபூஜையில் பேட்டரிக்குத் தனி வெற்றிலை, தனிப் பொட்டு. வேலை நடக்கிற இடத்துக்கு நான் சாப்பாடு கொண்டுபோனாலும், மெஷினைக் கீழே வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுவார். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கிற வம்சம் இல்லை அது. "இந்தா, இது உங்கிட்ட இருக்கட்டும்" என்று என் கையில் கொடுப்பார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த உசுரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.