பெயர் அடிக்கப்பட்ட விண்ணப்பம்

ஹைதராபாத்தில் என்னை முக்கால்வாசிப் பேர் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "முத்தையா காரு" என்று குரல் வரும். சாத்தூரில் செத்து ஏழு வருடமான மனுஷனை மாரெட்பள்ளியில் கூப்பிட்டால் யார் எழுந்து போவது? நான்தான் போவேன். இங்கே ஒவ்வொருவருக்கும் இண்டிபேரு என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. அதைக் கேட்டதும் எந்தப் பக்கம், எந்தச் சாதி என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். நமக்கு அது கிடையாது, படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பாதான் வரவேண்டியிருக்கிறது. வந்த புதிதில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நம் ஊரில் தெருவை விசாரித்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்வோம் என்பது அப்போது வசதியாக மறந்துபோயிருந்தது.

ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆளெடுக்கும் பிரிவில் எனக்கு வேலை. எங்கும் ஆள் தேவைப்பட்ட காலம். விண்ணப்பங்கள் மூட்டை மூட்டையாக வரும். ஒருநாள் என் மேலாளர் ஸ்ரீநிவாஸ் ஒரு விண்ணப்பத்தின் இண்டிபேரைப் பார்த்துவிட்டு, "மனவாள்ளே" என்று சிரித்தார். நம்ம ஆள்தான் என்று அர்த்தம். அந்தத் தாள் மேலே போனது, வேறொரு தாள் கீழே போனது. அவர் கெட்டவர் இல்லை. என் மகனுக்கு டெங்கு வந்தபோது ரத்தம் கொடுக்க முதல் ஆளாக வந்து நின்றவர். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. பெயரை மறைத்துவிட்டுத் தாளைப் பாருங்கள் என்றேன். சிரித்தார்கள். வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்கு யோசனை பிடித்துப்போனதும் சிரிப்பு நின்றது, வேலை என் தலையில் விழுந்தது. பெயர், புகைப்படம், ஊர், கல்லூரி, கடைசியில் வரும் சொந்த விவரம் முழுவதும் கறுப்பு மார்க்கரால் அடிப்பேன். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் என்பதால் ஜெராக்ஸ் எடுத்து, எண் போட்டுக் கொடுப்பேன். பெயரை அடித்தவர், தாள்களைப் பார்த்து ஆளைத் தேர்வுசெய்யும் அறையில் யாரைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்ற விதியையும் நானேதான் எழுதினேன்.

அந்த வருடம்தான் சாத்தூரில் எங்கள் தெருவிலிருந்து செல்வி எழுத்துத் தேர்வுக்கு வந்தாள். "ஒன்னைய நம்பித்தான் பிள்ளைய அனுப்புதேன்" என்று அவள் அம்மா போனில் சொன்னார். செல்வி என் வீட்டில் ஒரு வாரம் தங்கினாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. தேர்வையும் நன்றாக எழுதியிருந்தாள். நேர்முகத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவுசெய்ய விண்ணப்பங்களைத் தயார்செய்தபோது அவளுடையது இருபத்தேழாவதாக வந்தது. சொந்த விவரத்தில் தகப்பன் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தாள்: அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டதால் படிப்பு முடிந்து இரண்டு வருடம் அவரைப் பார்த்துக்கொண்டேன், அந்த நாட்களில் மாலையில் கணினி வகுப்பு எடுத்தேன். மார்க்கர் அங்கே நின்றது. இந்த ஒரு தாளுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் நானும் மனவாள்ளே என்றுதானே ஆகும்? அடித்துவிட்டேன்.

மறுநாள் அறையில் ஸ்ரீநிவாஸ் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு சம்வத்சராலு காளீ. ஏம் சேசாரோ?" இரண்டு வருடம் சும்மா இருந்திருக்கிறாரே, என்ன செய்தாரோ என்கிறார். என் முகத்தில் என்ன கண்டாரோ, "மீக்கு தெலுசா?" என்று என்னிடமே கேட்டார். "தெலீதண்டி" என்றேன். எனக்குத் தெரியாதாம்! இத்தனை வருடத்தில் நான் திக்காமல் பேசிய ஒரே தெலுங்கு அதுதான். தாள் கீழே போனது.

செகந்திராபாத் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடப் போனேன். செல்வி பையை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு, "போன தடவை மெட்ராஸ்ல கெடைக்கலேன்னப்போ, பேரப் பாத்து, ஊரப் பாத்துத் தள்ளிட்டாங்கன்னு அம்மாகிட்டச் சொன்னேங்க்கா. இங்க பேரே பாக்கல. அப்ப எனக்குத்தான் தகுதியில்ல, அப்படித்தானக்கா?" என்றாள்.

"அப்படியெல்லாம் இல்லடா" என்றேன். அந்த இரண்டு வரியை நான்தான் அடித்தேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. பயந்துவிட்டேன்.

பின்னாளில் கோப்பைப் பார்த்து அவள் என் ஊர்க்காரி என்று தெரிந்ததும் ஸ்ரீநிவாஸ் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "சொந்த ஊர்ப் பெண்ணுக்குக்கூட ஒரு சொல் சொல்லவில்லை, மீரு கிரேட் மேடம்!" எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறை, இடைவெளிக்கான காரணத்தை அடிக்கக் கூடாது என்று விதியைத் திருத்தினேன். செல்வி அதற்குப் பிறகு எங்கும் விண்ணப்பிக்கவே இல்லை. இப்போது சாத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாளாம். அவள் அம்மாவோ, "ஒங்க மக எம் பிள்ளையத் தங்கமாப் பாத்துக்கிட்டா" என்று என் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன். திரும்பி வந்தால் அலுவலகத்தில் அந்த அறை வாசலைத் தவிர்த்து, கேன்டீன் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். இரண்டு ஊரிலும் என்னை நல்லவள் என்கிறார்கள். இரண்டு ஊரிலும் எனக்கு நேர்வழி இல்லை.