மகள் ரஷ்யாவுக்குப் படிக்கப் போன வருஷம்

பிளவுஸுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கூடவே அறிவுரையும் கொடுப்பார்கள். வாயில் குண்டூசியைக் கவ்வியிருக்கும் தையல்காரியால் எதற்கும் பதில் சொல்ல முடியாது. பெண்ணைப் படிக்க வைத்துவிட்டு நிம்மதியைத் தொலைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மரக்காணத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம். மகள் ஸ்டெல்லா பாண்டிச்சேரியில் பி.யு.சி. முடித்தாள். டாக்டர் படிப்புக்கு இங்கே சீட்டு கிடைக்கவில்லை, ரஷ்யாவில் கிடைத்துவிட்டது. பாஷைக்கு ஒரு வருஷம், படிப்புக்கு ஆறு வருஷம். மாதம் முடிவதற்குள் சம்மதப் பாரத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு அடுத்தவருக்குப் போய்விடும். பாரத்தை மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

எந்த அழுகை?

முதலில் வந்தவர் ஸ்டெல்லாவின் பழைய டீச்சர். இரண்டு பிளவுஸ். கை அளவு எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்தார். அங்கே ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் உண்டு, புத்தகம் உண்டு, ஆஸ்பத்திரியிலேயே நிற்க வைத்துச் சொல்லித் தருவார்கள், வகுப்பில் பாதிப் பேர் பெண்கள். நான் ஊசியை எடுத்துவிட்டு, "சும்மா குடுக்கறாங்கன்னா அதுல ஏதோ இருக்குது டீச்சர்" என்றேன். அங்கே என்ன சாப்பிடுவாள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், பனியில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று வரிசையாகக் கேட்டேன். கண்ணும் கலங்கிவிட்டது.

டீச்சர் கையை நீட்டியபடியே நின்றார். "மேரி, இங்க சீட்டு கிடைக்கலேன்னு ஒரு மாசம் அழுதே. அங்க கிடைச்சிடுச்சின்னு இப்ப அழுவறே. எந்த அழுகைக்கு நான் ஆறுதல் சொல்லட்டும்?"

சாமியாரின் பொத்தான்

பாரத்தை டிராயரிலிருந்து எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன். அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். மறுநாளே பங்குச் சாமியார் அங்கியைப் பொத்தான் தைக்கக் கொண்டுவந்தார். இது மாதாவே அனுப்பிய பதில் என்று நினைத்து, "சாமி, அந்த ஊர்ல கோயிலையெல்லாம் பூட்டிட்டாங்களாமே. ஏழு வருஷம் பூசை இல்லாம இருந்தா பொண்ணு என்ன ஆவா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியை அவர் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவர் பொத்தானை இழுத்துப் பார்த்தார். "கோயில் தொறந்திருக்கிற இந்த ஊர்லயே உம் பொண்ணு மாசத்துக்கு ஒருதரம்தான் வர்றா. அந்த ஊரைக் குத்தம் சொல்லாதம்மா."

பேச்சு யாருக்கு வரும்

கூனிமேட்டு நூர்ஜான் பீவியின் வீட்டுக்காரருக்கு மலேயாவில் கடை. வெளிநாட்டைப் பற்றி பீவிக்குத் தெரியாததில்லை. பேத்தி பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டே, "ஆம்பளை சீமைக்குப் போனா மணியார்டர் வருது. பொம்பளை போனா பேச்சு வருது" என்றார். அதற்குத்தானே நானும் பயந்துகொண்டிருந்தேன்? உடனே எழுந்து பாரத்தை அரிசிப் பானைக்குள் போட்டேன்.

அவர் முழுவதையும் சொல்லி முடிக்கவில்லையாம். "எங்க ஓடறே? பேச்சு அவ்ளோ தூரம் போவாது புள்ளே. கேட்டுக்க நீ இங்க இருக்கே இல்ல, அவ நிம்மதியா படிப்பா."

மூடாத குவியல்

உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்காகச் சேலைமேல் முழுக்கைச் சட்டை போடுவார்கள். அதற்கு அளவு கொடுக்க அஞ்சலை வந்தாள். ஸ்டெல்லா வாங்கி வைத்திருந்த ரஷ்யப் பத்திரிகை பெஞ்சில் கிடந்தது. அட்டையில் வீடு உயரத்துக்குப் பனி. அஞ்சலை அதைத் தூக்கிப் பிடித்து, "இன்னாக்கா இது, இவ்ளோ உப்பைக் குவிச்சு வெச்சிட்டு ஒரு ஓலைகூட போட்டு மூடல? மழை வந்தா அவ்ளோவும் கரைஞ்சு பூடுமே!" என்று பதறினாள். பனி என்று நான் சொன்ன பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

பிறகு, "ஸ்டெல்லா இன்னா படிக்கப் போவுது?" என்றாள். சொன்னேன். மாதம் முடிவதற்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடக் கை வரவில்லை என்பதையும் சொன்னேன். அவள் சட்டைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, உப்பில் வெடித்த பாதத்தை நீட்டிக் காட்டினாள்.

"இந்தக் காலைக் காட்ட ஆம்பளை டாக்டரு போதும்க்கா. மத்ததெல்லாம் காட்ட வெக்கப்பட்டே எங்கம்மா செத்துப் போச்சு. அனுப்புக்கா."

அரிசி மாவு ஒட்டியிருந்த பாரத்தைத் தட்டிவிட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

கோட்டு

போட்டேனே தவிர, கை சும்மா இருக்கவில்லை. குளிருக்குக் கோட்டு தைக்கிறேன் என்று கம்பளித் துணி வாங்கினேன். என் ஜென்மத்தில் கோட்டு தைத்ததில்லை. உள்ளே இரண்டு மடிப்பு லைனிங் வைத்தேன். ஸ்டெல்லாவால் கையைத் தூக்க முடியவில்லை. பிரித்தேன். மறுபடி தைத்தேன். காலர் கோணலாக இருந்தது. மறுபடி பிரித்தேன். வியாழக்கிழமை அவள் கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை, மூன்றாவது தடவையும் பிரித்த கோட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆண்களுக்குத் தைக்கும் ஷெரீப் பாயிடம் ஓடினேன்.

அவர் பிரிக்காத பக்கத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். "இந்தத் தையல்ல ஒரு குத்தமும் இல்லியேம்மா, எதுக்குப் பிரிச்சே? கோட்டு முடியலைன்னா ஏரோப்ளேன் நின்னுடும்னு நெனச்சியா?"

அவரே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை ஸ்டெல்லா அதைக் கையில் போட்டுக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினாள். இப்போது கடிதம் வருகிறது: தனக்கென்று ஒரு மைக்ராஸ்கோப் கொடுத்திருக்கிறார்களாம், வாத்தியார்களில் பாதிப் பேர் பெண்களாம், பாஷையும் வந்துவிட்டதாம்.

வெளிநாட்டில் படிப்பதால் பிள்ளைக்கு நூறு நன்மை இருக்கலாம், பெற்றவளுக்கு ஒன்றுதான்: கவலைப்படுவதற்கு இன்னொரு நாட்டின் மழையும் குளிரும் சேர்ந்து கிடைக்கின்றன.