ரேவதியின் படகும் ஏழு படியும்

நடக்க முடியாதவங்களுக்குப் படகு செய்யற தொழில்ல மரம் அறுக்கிறதைவிடப் பல்லைக் கடிக்கிறதுதான் அதிகம். நல்லது செய்யறேன்னு வந்து கழுத்தறுக்கிறவங்ககிட்ட நீங்களும் மாட்டியிருப்பீங்க, அதனால தைரியமா சொல்றேன்.

அளவு எடுத்தது

ரேவதி பட்டுத்தறியில நெய்தவ. விபத்துல இடுப்புக்குக் கீழே உணர்வு போச்சு, கை ரெண்டும் இன்னும் இரும்பு. தென்னேரி ஏரியில படகுத்துறை திறக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்டு, யாரும் பிடிக்காம தனியா துடுப்புப் போடணும்னு எனக்கு ஆள் அனுப்பினா. காஞ்சிபுரத்துல அவ வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். எதைக் கேட்டாலும் அவ தம்பிதான் பதில் சொல்றான். அக்காவுக்குப் பயம், அக்காவால முடியாது, ஓரமா உக்காந்து வந்தா போதும்னு ஒரே பாட்டு. நானும் மடையன் மாதிரி அவன் மூஞ்சியைப் பார்த்தே எழுதிக்கினு இருந்தேன். ரேவதி என் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினா.

"படகுல உக்காரப் போறது நானா, அவனா?"

என் மண்டையில ஏறாதது

அடுத்த தப்பு முழுக்க என்னோடது. படகு வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் வருஷக்கணக்கா தறிக்குப் பலகை போட்ட ஆசாரி. அந்தப் பழக்க தோஷத்துல, சாய்வு இல்லாத தறிப் பலகையையே படகுக்கும் அடிச்சுட்டேன். தறியில உக்காந்தா கீழே இருக்கிற குழிக்குள்ள கால் மிதிகட்டையை அழுத்திக்கினே இருக்கும், உடம்பு நிமிர்ந்து நிக்கும். இவ எதை அழுத்துவா? பட்டறைக்குப் பின்னாடி குட்டையில விட்டுப் பார்த்தோம். முதல் இழுப்புலயே மல்லாக்க விழுந்தா, பின்மண்டை வீங்கிப்போச்சு. என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாமான்னு இருந்துது. அவ தலையைத் தேய்ச்சுக்கினே சொன்னா:

"மிதிக்கக் கால் இருந்தா நான் தறிக்கே போயிருப்பேனேண்ணா."

பெல்ட்டு

உயரமா சாய்வு, இடுப்புக்கு ரெண்டு பக்கமும் அணை எல்லாம் வெச்சு சரி பண்ணினேன். கவுந்தா உடனே வெளியே வரணுமில்ல, அதுக்காக இடுப்பைச் சுத்திக் கட்ட, ஒரே இழுப்புல பிரியற ஒட்டுப்பட்டை. படகைத் துறையில கொண்டுபோய் விட்டிருந்தோம். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய்ப் பார்க்கிறேன், படகுத்துறை மேலாளர் அதைப் பிய்ச்சு எறிஞ்சுட்டு முதுகுக்குப் பின்னால கொக்கி வெச்ச பெல்ட்டை மாட்டியிருக்கார். படகு கவுந்தா அவளுக்குக் கை எட்டாது, தண்ணியிலயே சாக வேண்டியதுதான்னு கத்தினேன். மனுஷன் அசையவே இல்ல.

"நாளைக்கு ஒரு நாள் அந்தம்மா சாஞ்சு விழாம உக்காந்திருந்தா போதும்பா, எங்களுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது."

திறப்பு விழா

அந்த பெல்ட்டை பிளேடால அறுத்துட்டு என் பட்டையையே திரும்ப வெச்சேன். மறுநாள் படகுக்கு சந்தனம், குங்குமம், மாலை, எலுமிச்சம்பழம், ஒரு குறையும் இல்ல. தண்ணிக்கு இறங்க மட்டும் ஏழு படி, சரிவுப் பாதை கிடையாது. படகைக் கரையிலயே பந்தலுக்குள்ள வெச்சு, மிதவைச் சட்டை மாட்டி ரேவதியை உக்கார வெச்சு, கையில துடுப்பைக் குடுத்து, வந்தவன் போனவன் எல்லாம் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறான். அரை மணி நேரம் கழிச்சு மேலாளர், முடிஞ்சுதும்மா, இறங்குன்னார்.

ரேவதி இறங்கல. பந்தல் ஓரமா நின்ன தம்பியைப் பார்த்தா. அவன் ஒண்ணும் பேசாம வந்து படகைப் பிடிச்சான், நான் இன்னொரு பக்கம் பிடிச்சேன். படிக்கட்டை விட்டுட்டு மண் சரிவுல அவளோட சேர்த்தே தள்ளினோம். தண்ணி தொட்டதும் நாலு இழுப்பு, எட்டாத தூரம் போயிட்டா. மேலாளர் கரையோரமா ஓடிக்கினே திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சறார். அவ துடுப்பை நிறுத்தாமலே சொன்னா:

"நான் வர்றது இருக்கட்டும் சார், நீங்க போய் அந்தப் படியை இடிங்க."

பந்தல்ல எடுத்த அந்தப் போட்டோவைப் பெருசா பிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்காங்க, ரேவதி அதைப் பார்க்கணும்னா அந்த ஆபீஸ் வாசல்ல நாலு படி ஏறணும்.