ஆறு மணிக்குப் பூட்டுற ஹாஸ்டல்

டீச்சரு கழுத்துல ஒரு விசிலு தொங்கும். அத ஊதி ஊதிக் கன்னம் வலிச்சதுதான் மிச்சம், ஒரு பிள்ளை கட்டில விட்டு எந்திரிக்காது. நான் சொல்லுதது தொண்ணூறுகள்ல. திருவனந்தபுரத்துல ஒரு பொம்பளப் பிள்ளைக காலேஜு ஹாஸ்டல்ல நான் அடுக்களைக்காரி. எனக்கு எழுத்து தெரியாது, நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுதா. நடுநடுவுல சிரிக்கவும் செய்யுதா.

டீச்சருன்னா வெளையாட்டு டீச்சரு. விதுராங்குற மலையூருக்காரி. மலைக்காத்து குடிச்ச ஒடம்பு, மானு மாதிரி ஓடுவா. கோ-கோ டீமு சேரலன்னா கிரவுண்டுல காரு நிறுத்த ஷெட்டு போட்டுருவோம்னு காலேஜுல சொல்லியாச்சு. பாவம், அவ என்னெல்லாமோ செஞ்சு பாத்தா. ஒடம்புக்கு நல்லதுன்னு கிளாசு எடுத்தா. வந்தா முட்ட உண்டுன்னா. நான்தான் அவிச்சேன். பிள்ளைக அத நல்லாத் தின்னுட்டு வயித்துவலின்னு படுத்துக்கிட்டுதுக.

எங்க ஹாஸ்டல்ல ஆறு மணிக்கு கேட்டப் பூட்டிருவாவ. வெளையாடுத பிள்ளைகளுக்கு மட்டும் ஏழு மணின்னு டீச்சரு வார்டனம்மாகிட்ட கெஞ்சி வாங்குனா. மறுநாளு பாக்கணுமே, ஹாஸ்டலு மொத்தமும் கிரவுண்டுல! வயித்துவலின்னு மொதல்ல படுத்த ஒருத்தி உண்டு, அந்த வயித்துவலிக்காரிதான் முன்வரிசையில.

வார்டனம்மாவுக்குப் பொறுக்கல. இது வெளையாட்டு ஆசையில்ல, வெளிய நிக்குத ஆசைன்னாவ. கொஞ்ச நாளு கழிச்சு, அதையும் பாத்துருவோம்னு, இனி எல்லாருக்கும் ஏழு மணி, ஆரும் வெளையாடணும்னு இல்லன்னு சொல்லிட்டாவ. டீச்சரு அடுக்களையில வந்து இருந்தா. சாயா ஆறிப்போச்சு, குடிக்கல. "எல்லாம் தீந்து போச்சு, சேச்சி"ன்னா.

மறுநாளு சாயங்காலம் பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜிதான், சுட்டு வச்சுருக்கேன், தின்ன ஆளக் காணோம். எல்லாரும் கிழக்கேகோட்டை கடைத்தெருவுக்கு வளையலு வாங்கப் போயாச்சுன்னு நெனச்சேன். தட்டோட வெளிய வந்து பாத்தா, பிள்ளைக கிரவுண்டுல வரிசையா குத்தவச்சிருக்கு. வார்டனம்மா வயித்துவலிக்காரிகிட்ட கேக்காவ: "நீ கடைக்குப் போவலியாடி?"

"நான் போனா என் எடம் காலியா கெடக்குமே, மேடம். இவளுவ ஓடிவந்து ஆரு முதுகத் தட்டுவாளுவ?"

சொல்லி முடிக்கல, பின்னால ஒருத்தி "கோ"ன்னு முதுகுல ஒரு போடு போட்டா. மேடமாவது ஒண்ணாவது, எந்திச்சு ஒரே ஓட்டம். வார்டனம்மா என் தட்டுல இருந்து பழம்பொரி ஒண்ணு எடுத்துக் கடிச்சுக்கிட்டே, "சேச்சி, இதுல எப்பிடி ஜெயிக்கது?"ன்னு மெல்ல கேட்டாவ.

எனக்கு எங்க தெரியும்? ரெண்டு பேரும் இருட்டுத வர நின்னு பாத்தோம். அந்தக் கிரவுண்டுல இன்னைக்கும் ஒரு காரு நிக்கல.