மிதிக்க மறுத்த கால்

பிறக்கும்போது எனக்குக் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இரும்புலியூரில் ஒரு சின்னப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு மிஸ்ஸாக இருந்தபோது, பள்ளி ஆயா கெஞ்சிக் கேட்டாரே என்று அவர் முதுகில் ஒரு மிதி மிதித்தேன், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. வலி பறந்துவிட்டதென்று ஆயா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். படித்தவளுக்குப் புத்தி வேண்டாமா?

அடுத்த மாதமே என் வகுப்புப் பெண் ஒருத்தி சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து மல்லாக்க விழுந்தாள். எழவில்லை. செல்போன் ஹெட்மிஸ்ட்ரஸிடம் மட்டும்தான் இருந்தது. அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஆயா குழந்தையைப் புரட்டக் குனிந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"சும்மா புடிப்புதான் மிஸ். நான் கவுத்துப் போடறேன், நீங்க ஒரு மிதி மிதிங்க. எனக்கு மிதிச்சீங்க இல்ல? புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க?"

சுற்றி நின்ற பிள்ளைகளும் "மிதிங்க மிஸ், மிதிங்க மிஸ்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே. மண்டிபோட்டு அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நீ ஆடாதே கண்ணு. ஒரு விரல்கூட ஆடக் கூடாது. மத்தவங்க எல்லாம் கழுத்துக்குப் பின்னால தடவிப் பாருங்க. முடிச்சு முடிச்சா இருக்கா?"

எல்லாக் கைகளும் பின்னால் போயின. ஆயாவின் கையும்.

"முதுகுல ஒரே எலும்பு இல்ல. சின்னச் சின்ன எலும்பு, ஒண்ணுமேல ஒண்ணா இடுப்பு வரைக்கும் இருக்கு. நடுவுல ஓட்டை. அந்த ஓட்டை வழியா கயிறு மாதிரி ஒரு நரம்பு போகுது. மூளை 'நட'ன்னு சொன்னா அதுதான் காலுக்குப் போய்ச் சொல்லும். எலும்பு உடைஞ்சிருக்கும்போது மிதிச்சா அந்த நரம்பு நசுங்கிடும். அப்புறம் கால் வராது."

ஆயாதான் மெல்லக் கேட்டார்.

"காலு ஆடுதா பாருங்க மிஸ்."

விழுந்த வேகத்தில் ஒரு ஷூ கழன்றிருந்தது. அந்தப் பாதத்தையே பார்த்தேன். அசைவே இல்லை. இவள் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

"கண்ணு... காலை ஆட்ட முடியலையா?"

உதடு மட்டும் அசைந்தது. "முடியும் மிஸ். நீங்கதானே ஆடாதேன்னீங்க."

"கட்டைவிரலை மட்டும்மா. மெதுவா."

ஆட்டினாள். அத்தனை பிள்ளைகள் நடுவிலும் நான் வாய்விட்டு அழுதேன்.