ஆபீஸ் இல்லாத கருவி

புதிய பதிப்பு வந்த காலையில் என் திரை முழுக்கச் சிவப்புக் கோடு. நான் வேலை செய்யும் கணினி மொழியை உலகத்தில் கொஞ்சப் பேர்தான் எழுதுகிறோம். எழுத எழுதவே பிழைக்கு அடியில் கோடு போட்டுக் காட்டும் கருவி ஒன்று அதற்கு உண்டு. யாரோ சம்பளம் இல்லாமல் செய்து போட்டது. மொழி மாறிவிட்டது, கருவி மாறவில்லை. சரியான வரிக்கும் கோடு, பிழையான வரிக்கும் கோடு.

வரக்காப்பொலை டவுனிலிருந்து முதலாளி போனில் பேசினார். சிங்களத்தில் தம்பிக்கு மல்லி, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "மல்லி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன். சரிவராட்டி எல்லாத்தையும் வேற மொழிக்கு மாத்திருவோம். அதுக்கு இங்க ஆளுங்க இருக்காங்க."

எனக்குத் தெரிந்தது இந்த ஒரு மொழிதான். அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் ரப்பர் மலைக்குப் பால்வெட்டப் போகாத முதல் ஆள் நான்.

அப்பா ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஆபீஸ்ல சொன்னியா?"

"எந்த ஆபீஸ்ப்பா?"

"அந்தச் சாமான செஞ்ச ஆபீஸ். மனு எழுதிப் போடு. மரியாதயா எழுது. நாலு தரம் எழுதினாத்தான் தொர திரும்பிப் பாப்பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரைத் தகரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தோட்டத் துரைக்கு லயத்து வீட்டுக்காரர்கள் சார்பில் மனு எழுதிக் கொடுத்தே வளர்ந்தவன் நான். "மதிப்புக்குரிய பொறுப்பாளர் குழுவினருக்கு" என்று ஆங்கிலத்தில் பணிவாகத் தொடங்கி, உரிய பிரிவுக்கு அனுப்பிவைக்குமாறு வேண்டி முடித்தேன். பிறகு காத்திருந்தேன். மனு போட்டவன் ஆபீஸ் வேலையில் கை வைப்பானா?

புதன்கிழமை பதில் வந்தது. குழு என்று ஒன்றும் இல்லையாம். அவர் ஒருவர்தானாம். பிள்ளை பிறந்த பிறகு நேரமில்லாமல் விட்டுவிட்டாராம். கருவியைத் திருத்தும் முழு அனுமதியையும் என் கணக்குக்குத் தந்திருந்தார். மன்னிப்பும் கேட்டிருந்தார்.

"அப்ப அங்க தொர யாரு?" என்றார் அப்பா.

"இப்ப நான்தாம்ப்பா."

"போடா டேய். ஒரு பல்ப மாத்தச் சொன்னா ஒனக்கு ஒரு வாரம்." சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "முடியுமா?"

"தெரியலப்பா."

சும்மா காத்திருந்த நாட்கள் போனது போனதுதான் என்று அன்றே கருவியின் நிரலைத் திறந்தேன். வேறொருவர் எழுதிய காடு அது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைந்தது. வியாழன் பின்னேரம் இடி கேட்டதும் அப்பா வழக்கம்போல் ரவுட்டர் வயரைப் பிடுங்கினார்.

"எரிஞ்சா எரியட்டும்ப்பா, மாட்டுங்க!"

அவரிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல்தடவை. மாட்டிவிட்டு, மழை விடும்வரை அந்தச் சுவரோரமே நின்றார்.

வெள்ளி மத்தியானம் கோடுகள் பாதி குறைந்திருந்தன. முதலாளிக்கு போன் எடுத்தேன். "இன்னும் கொஞ்ச நாள் குடுங்க சேர், முழுசா சரியாகிரும்."

"இனிமே இத யாரு பாப்பாங்க மல்லி?"

"நான் பாக்கிறேன் சேர்."

"நீ மட்டுமா?"

"ஆமாங்க சேர்."

"அதான் எனக்குப் பயம்."

என் வேலை இந்த மாதத்தோடு போதும் என்றார். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சியாவது பார்த்திருப்பேன்.

போனை வைத்தபோது திரையில் ஒரு செய்தி. எந்த நாட்டுக்காரரோ, அவர் திரையிலும் சிவப்புக் கோடாம். "மதிப்புக்குரிய குழுவினருக்கு" என்று தொடங்கியிருந்தார்.

"என்னடா அது?" என்றார் அப்பா.

"மனு வந்திருக்குப்பா."

அவர் எழும்பி வந்து திரையை எட்டிப் பார்த்தார். "பதில் போடு. அந்தாள நாலு தரம் எழுத வைக்காத."